சும்மா இருக்க வேண்டிய டிரில்

போலீஸ் கொடுத்த டிரில் மெஷின் ஓடாது. ஓடவும் கூடாது. திருடன் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காகவே கொடுத்தது. உள்ளே ஒரு டிராக்கரை வைத்து மூடியிருந்தார்கள். கடையின் பின்ஜன்னல் ஓரம், சந்திலிருந்து பார்த்தால் கண்ணில் படுகிற இடத்தில் அதை வைத்துவிட்டு, இன்ஸ்பெக்டரம்மா மோட்டார்காரரிடம் சொன்னது இவ்வளவுதான்.

"இது சும்மா இருக்கட்டும்."

மோட்டார்காரருக்கு வாழ்க்கையில் பிடிபடாத ஒரே வார்த்தை அது.

தெருவில் எல்லோரும் அவரை மோட்டார்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். கருகிப்போன மின்விசிறி, தண்ணீர் பம்ப், மிக்ஸி எது வந்தாலும் பிரித்து, எரிந்த கம்பியை உருவிப் போட்டு, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பார். தொழில் அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. யார் வீட்டுக்குப் போனாலும், கொடுத்த காபி ஆறுவதற்குள் அந்த வீட்டில் எதையாவது கழற்றியிருப்பார். மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கட்டிலுக்கு அடியில் படுத்துக்கொண்டு சக்கரத்தைச் சரிபண்ணி, நர்ஸிடம் திட்டு வாங்கினார். "உங்கப்பாவைச் சும்மா உக்காரச் சொல்லிப் பாரு, நாற்காலி ஸ்குரூவை முடுக்குவார்" என்று அம்மா மகளிடம் கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

மகளுக்கு வேறு ஊரில் வேலை. சர்க்யூட் போர்டு வடிவமைப்பாள். அம்மா போன பிறகு, கடையை மூடிவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அப்பாவைக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள். அப்போதுதான் அந்தத் தெருவில் திருட்டு ஆரம்பித்தது. பின்ஜன்னலை நெம்பி, செம்புக் கம்பிச் சுருள்களை எடுத்துக்கொண்டு போனார்கள். கூடவே அவருடைய கருவிப் பையும் போனது. பேரிங் கழற்றும் புல்லர், கம்பியை மோட்டார் இடுக்குகளில் தள்ள, தன் கைக்கென்று தானே தேய்த்துத் தேய்த்து உருவாக்கிய ஃபைபர் கத்திகள், எல்லாம் அந்தப் பையில்தான்.

இனி என்ன சாக்கு என்று மகள் கேட்டாள். பை கிடைக்காவிட்டால் கடையை மூடிவிட்டு வருகிறேன், கிடைத்தால் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார். சரி என்றாள். அவள் திருடனுக்காக வேண்டிக்கொள்ளவில்லை. போலீசுக்காகவும் வேண்டிக்கொள்ளவில்லை.

டிரில் விஷயத்தை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று இன்ஸ்பெக்டரம்மா சொல்லியிருந்தார். அன்றைக்கே மகளுக்கு அப்பாவிடமிருந்து போன் வந்தது.

"யார்கிட்டயும் சொல்லக் கூடாதாம். அதான் உன்கிட்ட சொல்றேன்."

அது அசைந்தால் போலீஸுக்குத் தகவல் போகும், வரைபடத்தில் புள்ளி நகரும், அதனால் கைவைக்காதீர்கள் என்று மகள் பாடம் எடுத்தாள். தொடுவேனா என்றார். தொடாதீங்கப்பா என்றாள். தொடமாட்டேன் என்று சொன்னேனே என்று கோபித்துக்கொண்டு போனை வைத்தார்.

தொட்டார். ஓடாத மெஷின் ஒன்று கண்ணெதிரே கிடப்பது அவருக்குப் பல்லில் நார் சிக்கிய மாதிரி. மெஷினைத் திறந்தார், டிராக்கரை எடுத்துச் சட்டைப் பையில் பத்திரமாகப் போட்டுக்கொண்டார், புதுக் கம்பி சுற்றினார். சுற்றி முடித்த திருப்தியில் சட்டைப் பையை மறந்து வீட்டுக்குக் கிளம்பினார். புள்ளியும் கிளம்பியது. புள்ளிக்குப் பின்னால் ஜீப் கிளம்பியது. வீட்டுக் கதவை இடித்த போலீஸ்காரர்களுக்கு வாயில் சாப்பாட்டோடு கதவைத் திறந்து, "பிடிச்சிட்டீங்களா?" என்று ஆவலாகக் கேட்டார்.

மகள் மீட்டிங்கில் இருந்தாள். போனில் இன்ஸ்பெக்டரம்மாவின் குரலில் உயிரே இல்லை.

"உங்கப்பாவைத்தான்மா பிடிச்சிருக்கோம்."

லீவு போட்டுவிட்டு வந்தாள். கடையில் மேஜை மேல் டிரில் இருந்தது. சுவிட்சை அமுக்கிக் காட்டினார். குழந்தை முதல் அடி எடுத்து வைத்ததைக் காட்டுகிற முகம்.

"ஏம்ப்பா, அதைச் சும்மா விட்டா என்ன?"

"ஓடாத மெஷினைக் கடையில வெச்சா, பாக்கறவன் என்னைப் பத்தி என்ன நினைப்பான்?"

"திருடன்தானேப்பா பாக்கப் போறான்."

"அவன் மட்டும் நினைக்க மாட்டானா?"

அவளே உட்கார்ந்து டிராக்கரைத் திரும்ப உள்ளே பொருத்தி, மூடி, ஜன்னல் ஓரம் வைத்துவிட்டு ஊருக்குப் போனாள். பஸ் பாதி வழி போவதற்குள் மறுபடியும் போன். எதிர்க்கடை கார்பென்டர் வந்து, இது சும்மாதானே கிடக்குது, ஒரு நாளைக்குக் கொடுங்க என்று கேட்டிருக்கிறார். ஓடுகிற மெஷினை இல்லை என்று சொல்ல இவருக்கு மனசு வரவில்லை. நடுரோட்டில் நாலு போலீஸ்காரர்கள் கார்பென்டரின் பைக்கை மறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு கார்பென்டர் இவரோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டரம்மா டிரில்லைப் பிடுங்கிக்கொண்டு போய்ப் பக்கத்துத் தையல்கடை ஜன்னலில் வைத்தார். தையல்காரருக்கு வம்பு வேண்டாம். சும்மா விட்டார். திருடர்கள் வந்தார்கள், எடுத்தார்கள், புள்ளி ஊருக்கு வெளியே ஒரு பழைய இரும்புக் கிடங்கில் போய் நின்றது. உள்ளே மலைபோல் தெருவின் சாமான்கள். அவற்றின் அடியில் கருவிப் பை.

"பை கிடைச்சிடுச்சு. இனிமே அந்தப் பேச்சை எடுக்காதே" என்றார் போனில்.

கிடைத்தது, கைக்கு வரவில்லை. கேஸ் முடியும்வரை அது வழக்குச் சொத்து. ஸ்டேஷனில் கம்பிவலைக் கதவுக்குப் பின்னால், சீட்டுக் கட்டித் தொங்க, தன் பையைத் தானே பார்த்துவிட்டு வந்தார். கைக்கு வராதது கிடைத்த கணக்கில் வராது என்றாள் மகள். கண்ணால் பார்த்தாயிற்று, பிறகென்ன என்றார் அவர். போன் எடுக்கும்போதெல்லாம் இதே வழக்கு. ஒருநாள் அவளும் பொறுமையிழந்து, அந்தப் பையைக் கட்டிக்கொண்டு அங்கேயே கிடங்க என்று சொல்லிவிட்டு வைத்தாள். அவர் இரவல் கருவிகளை வைத்துக்கொண்டு கடையை ஓட்டினார். வாரா வாரம் ஸ்டேஷனுக்குப் போனார். ஈரக்காற்றில் புல்லர் துருப்பிடிக்கும், எண்ணெய் போட விடுங்கள் என்று நச்சரித்தார். விடமுடியாது என்று சொல்லிச் சொல்லி அலுத்து, கடைசியில் ஒரு கான்ஸ்டபிளைப் பக்கத்தில் நிற்கவைத்து எண்ணெய் போட விட்டார்கள்.

போன மாதம் கடையில், நாற்காலியில் இருந்தபடியே போய்விட்டார். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டுதான் போயிருக்கிறார்கள். யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை. தையல்காரர் மட்டும் நின்று, மோட்டார்காரர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று உள்ளே ஓடினாராம்.

பையை விடுவிக்கும் உத்தரவு அதற்குப் பிறகு வந்தது. சரியாக அதற்குப் பிறகு. மகள் போய் வாங்கினாள். எல்லாம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லச் சொன்னார் இன்ஸ்பெக்டரம்மா. புல்லர் பளபளவென்று இருந்தது. கத்திகளை அப்பா துணியில் சுற்றி வைத்திருந்தார். அவருடைய பழைய சட்டைத் துணி.

"மின்விசிறியையும் கழட்டிட்டார், தெரியுமா?" என்று இன்ஸ்பெக்டரம்மா கூரையைக் காட்டினார். "வேணாம்னு எவ்வளவோ சொன்னேன்."

"மன்னிச்சுக்குங்க மேடம்."

"இப்போ நல்லாத்தான் ஓடுது."

பையோடு கடைக்கு வந்தாள். கட்டட உரிமையாளரிடம் சாவியைக் கொடுக்க வேண்டிய நாள் அன்று. அவர் வாசலில் காத்திருந்தார். சாமான்களையெல்லாம் முன்பே அனுப்பியாயிற்று. மேஜையும் நாற்காலியும், மேஜை மேல் ஒரு மிக்ஸி மோட்டாரும்தான் மிச்சம். யாருடையது என்று தெரியவில்லை. பாதி சுற்றியிருந்தது. கம்பியின் நுனியைப் பிரியாமல் அப்பா மடக்கி வைத்திருந்தார், நாளைக்கு வருகிறவர் மாதிரி.

பை கைக்கு வந்துவிட்டது. பேசின பேச்சுப்படி அப்பா ஜெயித்துவிட்டார். அதை அவரிடம் போனில் சொல்லிச் சண்டை போடவும் வழியில்லை. அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

"அது சும்மா கிடக்கட்டும்மா" என்றார் உரிமையாளர். "ஆளை விட்டுக் குப்பையில போடச் சொல்லிக்கறேன்."

சாவியை நீட்டிய கை பாதியில் நின்றது. அவள் வாழ்நாளில் ஒரு மோட்டாரும் சுற்றியதில்லை. இன்னும் அரை நாளாவது பிடிக்கும், பஸ் போய்விடும், நாளைக்கு லீவும் கிடையாது.

"ச்சே, என்னப்பா நீங்க" என்று முணுமுணுத்தாள். பிறகு உரிமையாளரைத் திரும்பிப் பார்த்து, "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நாற்காலியை மேஜைக்குப் பக்கத்தில் இழுத்தாள்.