கீழ்த்தட்டு அம்மா

செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, அருங்காட்சியகச் சேமிப்பறையின் கடைசி வரிசையில் மண்டியிட்டிருக்கிறார் இயக்குநர். கையில் டார்ச்; கீழ்த்தட்டில் ஏதாவது படம் ஒதுங்கிக் கிடக்கிறதா என்று தேடுகிறார். தன் நாற்காலியில் போய் உட்காருவதற்கு முன் தினமும் இது நடந்தாக வேண்டும். அருங்காட்சியக ஊழியர்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'கீழ்த்தட்டு அம்மா'. அது அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் படங்களுக்குக் கீழே பெயரட்டை ஒட்டும் உத்தியோகம். பெண்கள் வரைந்தவை மட்டும் ஏன் கீழ்த்தட்டில், தண்ணீர்க் குழாயோரம் கிடக்கின்றன என்று மேலதிகாரியிடம் கேட்டார். மேலே இடமில்லையாம். அடுத்த மழைக்குச் சில படங்கள் நனைந்து உப்பிப்போயின. 

பிறகு மீதிப் படங்களை ஒவ்வொன்றாக மேலே ஏற்றினார். சண்டை போட்டு ஏற்றியது பாதி, யாரையும் கேட்காமல் ஏற்றியது பாதி. போர்க்களமும் குதிரைகளுமாக இருந்த முன்கூடத்தில் இப்போது ஒரு பிரசவ அறை, ஒரு தையற்கூடம், நம்மையே முறைத்துப் பார்க்கும் ஒரு கிழவி. குதிரையெல்லாம் எங்கே என்று பழைய பார்வையாளர்கள் கேட்பதுண்டு. "மேயப் போயிருக்கு" என்பார், சிரிக்காமல்.

ஓவியர் வீடுகளுக்குப் போனாலும் முதலில் கட்டிலுக்கு அடியில்தான் குனிவார். சும்மா பொழுதுபோக்குக்கு வரைந்தது என்று எந்தப் பெண் கூசினாலும் விடமாட்டார். "பொழுதுபோக்குக்கு யாரும் இவ்ளோ பெரிசா வரையறதில்ல. வெளிய இழுங்க."

வீட்டில் இந்தப் பருப்பு வேகாது. "நம்ம அலமாரியோட கீழ்த்தட்டை என்னைக்காவது தொடச்சிருக்கியா?" என்பது கணவரின் நிரந்தரக் கேள்வி. அவருக்கும் இரண்டு கை இருப்பதை இயக்குநர் நினைவூட்டுவார். அலமாரி அப்படியே கிடக்கும்.

இந்த வருடம் அவருக்கு ஓய்வு வயது. பதவி நீட்டிப்பு நிர்வாகக் குழுத் தலைவரின் கையில் இருந்தது. தலைவர் ஒரு யோசனையோடு வந்தார்: பெண்களின் படங்களுக்கென்றே தனி அறை, அதற்கு இயக்குநரின் பெயர். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்றார் கணவர். இயக்குநர் அறையைப் போய்ப் பார்த்தார். கட்டடத்தின் பின்பக்கம், கேன்டீனையும் தாண்டி, கழிவறைக்கு வழி தவறியவர்கள் மட்டும் எட்டிப் பார்க்கும் இடம். முன்கூடத்துப் படங்கள் அத்தனையும் அங்கே போய்விடும். குதிரைகள் திரும்பி வரும்.

ஆனாலும் அவருக்கு ஆசை இருந்தது. ஆயுசு முழுக்க மற்றவர்கள் பெயரை ஒட்டியவர். தன் பெயர் ஒரு வாசலில் இருந்தால் என்ன என்று நன்றாகவே ஆசைப்பட்டார்.

குழுக் கூட்டத்துக்குத் தலைவர் பெயர்ப்பலகையைச் செய்தே கொண்டுவந்துவிட்டார். பளபளக்கும் பித்தளை. அதை இயக்குநர் பக்கம் நகர்த்தினார். "சரின்னு ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா. நீட்டிப்புல இப்பவே கையெழுத்துப் போட்டுடறேன்."

இயக்குநர் தன் பெயரை ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு பலகையைக் கவிழ்த்து, ஆவி பறக்கும் டீ டம்ளரை அதன் மேல் வைத்துவிட்டு, முன்கூடத்தின் வரைபடத்தை மேஜை முழுக்க விரித்தார்.