வேறொருவன் குரலில் ராஜ்கமல்

ராஜ்கமல் பகலில் ஜீப் ஓட்டுவான். போடியிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு மலைமேல் ஏலத்தோட்டங்களுக்குப் போவான். திருவிழாக் காலத்தில் 'மலைச்சாரல்' ஆடல் பாடல் குழுவில் பாடுவான். குழு இணையத்தில் வெளியிட்ட ஒவ்வொரு குத்துப்பாட்டோடும் இன்னொரு பாட்டு ஒட்டிக்கொண்டு வரும். முதல் பாட்டு குழுத்தலைவர் பிரபாகரனுடையது. ஊரே அதைத்தான் கேட்கும். இரண்டாவதை ராஜ்கமல் பாடுவான்.

இந்த மாசியில் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே தொகுப்பாகப் பென்டிரைவில் போட்டு விற்றார்கள், இணையத்திலும் ஏற்றினார்கள். அட்டையில் தன் பெயரைப் பார்த்தவனுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"நம்ம பாட்டு வருது, கேளுங்க ஆத்தா" என்று ஜீப்பில் போட்டுவிட்டான்.

பாட்டு அவனுடையதுதான். குரல் வேறு யாருடையதோ. வழுவழுப்பான இளங்குரல்.

பின்னால் உட்கார்ந்திருந்த ஒச்சம்மாள் கை தட்டினாள். "இம்புட்டு நல்லாப் பாடுவியா அப்பு?"

"ஆமா ஆத்தா" என்றான். சொன்ன உடனே காது சுட்டது.

தோட்டத்தில் ஆளை இறக்கிவிட்டுப் பிரபாகரனுக்குப் போன் செய்தான்.

"பழைய பதிவுல இரைச்சல் ஜாஸ்தி தம்பி. மதுரையில ஒரு பையனைப் பாட வச்சேன். பேரு உம்பேருதான போட்டிருக்கு, பெறகென்ன?"

பங்குனிப் பொங்கலுக்குப் பொட்டிபுரத்தில் மேடை. ராஜ்கமல் நாலு வரி பாடுவதற்குள் முன்னால் நின்ற ஒருவன், "அண்ணே, பென்டிரைவுல இருக்க மாதிரி பாடுங்க" என்றான். சிரிப்பு கிளம்பியது. பிரபாகரன் கண்ணைக் காட்ட, பதிவை ஓடவிட்டார்கள். ராஜ்கமல் மைக்கைப் பிடித்து வாயை மட்டும் அசைத்தான். கூட்டம் ஆடித் தீர்த்தது. பெண்கள் பக்கம் நின்ற அவன் மனைவி கலையரசி தலையைக் குனிந்துகொண்டாள்.

மறுநாள் காலையில் இட்லி வைக்கும்போது கேட்டாள். "அது யாரு தொண்டை?"

சொன்னான். ஜீப்பில் சொன்ன பொய்யையும் சொன்னான்.

"நீங்க சுமாராத்தான் பாடுவீங்க. அதுக்காக ஊரு முன்னாடி ஊமையாட்டம் நிப்பீங்களா?"

தட்டைத் தள்ளி வைத்தான். நேரே பிரபாகரன் வீட்டுக்குப் போனான்.

"எம்பேரை எடுத்துருங்கண்ணே. பாடுன பையன் பேரைப் போடுங்க."

பிரபாகரன் சலித்துக்கொண்டார். ஆனாலும் இணையத்தில் மாற்றினார். விற்றுப்போன பென்டிரைவுகளில் பழைய பெயர்தான் இருக்கிறது.

ஒச்சம்மாளிடம் சொல்ல இன்னும் ஒரு வாரம் ஆனது. "அது நான் பாடுனதில்ல ஆத்தா."

"பெறகு ஏன் அப்பு ஆமான்ன?"

ராஜ்கமல் கியரை மாற்றினான். ஒரு வளைவு தாண்டியதும் ஒச்சம்மாளே கேட்டாள்.

"சரி, நீ பாடுனா எப்படியிருக்கும்? பாடேன், கேப்போம்."

"இன்னொரு நாளைக்கு ஆத்தா" என்று சொல்லிவிட்டு, ரோட்டையே பார்த்து ஓட்டினான்.