தாலி ஏறும்வரை ஒற்றை பேட்டரி

குரலைப் பெருக்கும் எட்டுக் கால் ஒப்-ஆம்ப் ஐ.சி.க்கு ஒரு பேட்டரி போதாது என்பது, காமனுக்கும் ரதிக்கும் கல்யாணம் நடத்தும் காமன் கூத்துக்கு மைக் செட் செய்து தருகிறேன் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

தொண்ணூறுகளில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயங்களின் வரிசை வீடுகளுக்குக் கரண்ட் கிடையாது. டிவிக்கு வைத்திருக்கும் கார் பேட்டரிதான் கதி. அதில் பிளஸ் உண்டு, மைனஸ் உண்டு. என் ஐ.சி.யோ இரண்டுக்கும் நடுவே ஒரு பூச்சியம் கேட்டது; குரல் அதற்கு மேலும் கீழும் ஆட வேண்டுமாம். இரண்டு பேட்டரிகளைத் தொடுத்து, சேரும் இடத்தைப் பூச்சியமாக வைத்தால் தீர்ந்தது.

சார்ஜ் இருந்தவை இரண்டே இரண்டு. ஒன்று எங்கள் மேல் லயத்தில். கூத்தில் நாங்கள் காமன் பக்கம், மாப்பிள்ளை வீட்டார். மற்றது கீழ் லயத்து மாமாவிடம். அவர் ரதி பக்கம், பெண் வீட்டுத் தலைவர், வருஷா வருஷம் ரதி பாட்டுப் பாடுகிறவர். அந்த மாசியில் கால் முறிந்து படுத்திருந்தார். படுத்த இடத்திலேயே பாட்டைக் கேட்க வேண்டும் என்றுதான் மைக் செட்டே கேட்டிருந்தார்.

பேட்டரி என்றதும் முறைத்தார்.

"தாலி ஏறுறதுக்கு முந்தி பொண்ணு வீட்டு சாமான் மாப்பிள்ள வீட்டுக்கு வருமா?"

"ஒத்த பேட்டரில பாட்டு சரியா கேக்காதுங்க மாமா."

"கேக்காட்டி போகுது. மொறைன்னு ஒன்னு இருக்குல்ல!"

வேறு வழியில்லாமல் பூச்சியத்தையும் மைனஸையும் ஒன்றாகக் கட்டினேன். ஐ.சி. பாதிக் குரலை விழுங்கியது. காமன் தொண்டை கட்டிய சேவலாகக் கரகரக்க, சனம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு மானம் போயிற்று.

ஒருவழியாகக் காமன் தாலி கட்டினான். அடுத்த நிமிஷம் தப்பு மேளம் முழங்க, சீர்வரிசைத் தட்டுகளுக்குப் பின்னால், மஞ்சள் குங்குமம் பூசிய பேட்டரி ஒருவர் தலையில் ஏறி வந்தது!

எங்கள் மைனஸை அவர்கள் பிளஸ்ஸோடு முடிந்து, அந்த முடிச்சில் பூச்சியத்தைக் கட்டினேன். மாற்றிக் கொடுத்தால் ஐ.சி. புகைந்துவிடும். ரதி வேஷக்காரன் வாய் திறந்தான். மலை முழுக்கப் பாட்டு! தலைகால் புரியாமல் பக்கத்தில் நின்றவனைக் கட்டிக்கொண்டு குதித்தேன். குதித்த பிறகுதான் பயம் வந்தது. மாமாவுக்குக் கேட்கிறதா?

பாட்டின் நடுவே, மைக் எதுவும் இல்லாமல், கீழ் லயத்திலிருந்து ஒரு குரல் ஏறி வந்தது.

"எவன்டா அவன்? ரெண்டாவது அடிய விட்டுட்டான்! முதல்லருந்து பாடச் சொல்லு!"