ஆறாம் தறிக்கு ஆள்

நாங்கள் பேரம் பேசியே வளர்ந்த குடும்பம். நான் பத்து என்று சொன்னால் ஆறு என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இந்த விஷயத்தில் ஒரே விலைதான். நடந்தது. அதுவும் உச்சி வெயிலில்.

அருப்புக்கோட்டையில் சண்முகவேல் அண்ணாச்சியின் விசைத்தறிக் கூடம். நெசவாளி கைரேகை வைத்து, பெயர் கணினியில் ஏறினால்தான் அவர் தறிக்குக் கரண்ட் போகும். புரோகிராம் நான் எழுதியது. ஆள் இல்லாத தறிக்குப் பெயர்க் கட்டம் காலி. கணினிக்காரர்கள் அதை 'நல்' என்போம். பூஜ்யம்கூட இல்லை, ஒன்றுமே இல்லை. அதைத் தொட்டால் புரோகிராம் படுத்துவிடும். அன்று ஆறாம் தறியால் படுத்திருந்தது.

"காலியா இருந்தா 'இல்லை'ன்னு போட்டுரவா அண்ணாச்சி?"

"யேப்பா, நீயும் யாவார வீட்டுப் பிள்ளதான? சரக்குத் தீந்தாக்கூட அந்தச் சொல்லு வாயில வரலாமா? 'வரும்'னு போடு."

சாப்பிடப் போய்விட்டார். எங்கள் கடையிலும் அதே வழக்கம்தான். காலியான கட்டத்தில் 'வரும்' என்று நிரப்பச் சொல்லி எழுதினேன்.

கூடம் வெறிச்சென்று கிடந்தது. பக்கத்துத் தறி நெசவாளி காளீஸ்வரி அக்கா மட்டும் ஆறாம் தறிக்குள் கையை விட்டு அறுந்த இழைகளை முடிந்துகொண்டிருந்தார்.

திரையைப் பார்த்தேன். ஆறாம் தறி: வரும்.

கண் சிமிட்டினேன்.

ஆறாம் தறி: வந்தாச்சு.

கைரேகை வைத்தால் மட்டுமே தோன்றும் சொல் அது. ரேகைக் கருவி என் மேஜையில்தான் இருந்தது. யாரும் தொடவில்லை. ஆனால் அதன் கண்ணாடியில்... ஈரமாக ஒரு விரல் தடம்.

டக்.

"தம்பி, விளையாடாதீக. தறி அசையுது."

"நான் ஒண்ணும் செய்யலக்கா. கைய எடுங்க."

"வளையலு மாட்டிக்கிச்சு..."

தறியை ஓடவிடும் கைப்பிடி தானாகச் சாய்ந்தது. ஓடிப்போய் மெயின் சுவிட்சை இறக்கினேன். மின்விசிறி நின்றது.

தறி நிற்கவில்லை.

டக்... டக்... நூலை அடிக்கும் சட்டம் அவர் மணிக்கட்டை நெருங்கியது. மெல்ல... யாரோ ரசித்து ஓட்டுவதுபோல.

மடிக்கணினி பேட்டரியில் உயிரோடு இருந்தது. பாய்ந்து வந்து அந்த 'வரும்' வரியை அழித்தேன். வேறு எழுதினேன்: கட்டம் காலியா என்று முதலில் பார். காலி என்றால் காலியாகவே விடு. யாரையும் நிரப்பாதே. அனுமதி கொடுக்காதே.

தட்டினேன்.

நின்றது.

சட்டத்துக்கும் கைக்கும் நடுவே வளையல் பருமன்தான் இடம். வளையலை உடைத்து அக்காவை வெளியே இழுத்தேன்.

"எம் பின்னால நின்னது யாரு தம்பி?"

ரேகைக் கருவியின் வயரைப் பிடுங்கினேன்.

சாயங்காலம் மெக்கானிக் ஜெயபாண்டி ஒரு மோட்டாரைப் பைக்கில் கட்டிக்கொண்டு வந்தார்.

"ஆறாம் தறியோடதுப்பா. காயில் எரிஞ்சுபோச்சுன்னு முந்தாநாளே கழட்டிட்டுப் போனேன். இது இல்லாமத்தான அந்தத் தறி சும்மா கெடக்கு."