டைவிங் நேரத்தில் கடை கிடையாது

விஸ்கான்சினில் எங்கள் ஊர்ப் பள்ளி நடத்தும் நீச்சல் போட்டிகளில், டைவிங் என்பது சாப்பாட்டு இடைவேளைக்கு வைத்த பெயர். வேக நீச்சல் முடிந்ததும் இருக்கைகள் காலியாகும். வெளித் தாழ்வாரத்தில் ஹாட்டாக்கும் பொரித்த சீஸ் கட்டிகளும் காத்திருக்கும். உள்ளே நான்கைந்து பெண்கள் பலகையிலிருந்து குதித்துக்கொண்டிருப்பார்கள். அவர்கள் குதித்து முடிப்பதும் நாங்கள் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்புவதும் சரியாக இருக்கும். இதில் யாருக்கும் மனக்கசப்பு இருந்ததாகத் தெரியவில்லை. யாரும் கேட்டதுமில்லை.

அந்தப் பெண்களில் ஒருத்தி பிரிட்டா ஹால்வர்சன். பள்ளியில் கடைசி வருடம். ஏதாவது ஒரு கல்லூரியின் டைவிங் அணி தன்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. பெரிய கல்லூரி, சிறிய கல்லூரி என்ற பேதமெல்லாம் முதல் வருடத்தோடு போய்விட்டது. எங்கள் பள்ளியில் இருப்பது ஒரு மீட்டர் உயரப் பலகை மட்டும். கல்லூரிகளில் மூன்று மீட்டரிலும் குதிக்க வேண்டும். எனவே ஞாயிறுதோறும் காரை எடுத்துக்கொண்டு நகரத்துக் குளத்துக்குப் போய், உயரத்திலிருந்து விழுந்துவிட்டு வருவாள். பள்ளியில் அவளுடைய பயிற்சியாளர் ஆர்வில். இளமையில் கம்பூன்றித் தாண்டியவர் என்ற தகுதியில் டைவிங்குக்கு நியமிக்கப்பட்டவர்.

தான் நன்றாகக் குதித்ததை மட்டும் வெட்டி ஒட்டி, பின்னால் பாட்டும் போட்டு, கல்லூரிகளுக்கெல்லாம் வீடியோ அனுப்பினாள் பிரிட்டா. பதில்கள் வந்தன. கோடைக்காலப் பயிற்சி முகாமுக்கு அன்புடன் அழைத்தார்கள், கட்டணத்துடன்.

"அவங்க உன்னைக் கூப்பிடலம்மா. உங்க அப்பாவோட பர்ஸைக் கூப்பிடறாங்க" என்றார் ஆர்வில்.

அவளுடைய அம்மா லோர்னாதான் தாழ்வாரத்துக் கடைக்குப் பொறுப்பு. ஆகவே மகள் குதித்து அவள் பார்த்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும் சத்தத்தை வைத்து, "இது பரவாயில்லை", "இது வலிச்சிருக்கும்" என்று கணித்தபடி ஹாட்டாக்குக்குக் கடுகுச் சாந்து தடவுவாள்.

அக்டோபரில் ஒரு போட்டிக்கு நடீன் ப்ரோக்கா என்ற கல்லூரிப் பயிற்சியாளர் வந்தார். சின்னக் கல்லூரி, நீச்சலுக்கும் டைவிங்குக்கும் சேர்த்து அவர் ஒருவர்தான். வந்தது எங்கள் நீச்சல் நட்சத்திரம் ஈடனைப் பார்க்க. ஈடன் நீந்தி முடித்ததும் ஊரோடு ஊராக அவரும் எழுந்து கடைப்பக்கம் நடந்தார். அவருடைய சட்டையில் இருந்த கல்லூரிப் பெயரை வரிசையின் அந்தக் கோடியிலேயே படித்துவிட்டாள் லோர்னா. கடையின் இரும்புத் திரை சடசடவென்று இறங்கியது.

"லோர்னா! என் ஹாட்டாக்கைக் கையில எடுத்துட்டியே!" என்று கத்தினார் வரிசையில் முதலில் நின்ற டேல்.

"எடுத்தது எனக்கு. டைவிங் நேரத்துல கடை கிடையாது."

"எப்பலேர்ந்து?"

"இப்பலேர்ந்து. உள்ள போய் உக்காரு டேல். நாலு பிள்ளைங்க குதிக்கிறதப் பாத்தா உன் தொப்பை ஒண்ணும் கரைஞ்சுடாது."

"இங்க எப்பவும் இப்படித்தானா?" என்று நடீன் விசாரித்தார்.

"ஆமாங்க, ரொம்ப வருஷமா" என்றாள் லோர்னா. கண்கூட இமைக்கவில்லை.

வேறு வழியில்லாமல் மொத்த ஊரும் பசியோடு உள்ளே வந்து உட்கார்ந்தது. எங்கள் பள்ளி வரலாற்றில் டைவிங்குக்கு அவ்வளவு கூட்டம் அன்றுதான்.

காலி இருக்கைகளுக்கு முன் குதித்தே பழகியவள் பிரிட்டா. முதல் இரண்டு குதிகளைச் சமாளித்தாள். மூன்றாவது, ரிவர்ஸ். முன்னோக்கி எம்பி, பின்பக்கமாகப் பலகையை நோக்கியே சுழல வேண்டும். மண்டை பலகையில் மோதிவிடும் என்ற பயம் யாருக்கும் வரும். ஓடிவந்தவள் பலகையின் நுனியில் நின்றுவிட்டாள். நடுவர் மதிப்பெண்ணைக் குறைத்தார். இன்னொரு முறை நின்றால் பூஜ்யம். நடீன் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுபடி ஓடினாள், எம்பினாள், சுழன்றாள், பாதியிலேயே உடம்பு விரிந்துவிட, முதுகு அப்படியே தண்ணீரில் அறைந்தது. கடையைப் பூட்டிவிட்டு வந்து வாசலில் நின்ற லோர்னா, மகள் குதிப்பதை முதன்முதலாகப் பார்த்தது இதைத்தான்.

"இதுக்கா கடையை மூடினா?" என்றார் டேல், எல்லோருக்கும் கேட்கும்படி.

பிரிட்டா ஏறி வந்து மீதியைக் குதித்தாள். நான்கு பேரில் மூன்றாவது இடம்.

போட்டி முடிந்து கூட்டம் கடைக்கு ஓடியது. பூட்டைத் திறக்க வேண்டிய லோர்னா வாசலைவிட்டு நகரவில்லை. நடீன் குளத்தோரம் ஈடனின் பெற்றோரிடம் பேசிக்கொண்டிருந்தார். டைவிங்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடிபட்ட குதியோடு வீட்டுக்குப் போக மாட்டார்கள். அதையே இன்னொரு தடவை குதித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

"நாளைக்குப் பாத்துக்கலாம். முதுகு தக்காளி மாதிரி இருக்கு" என்றார் ஆர்வில்.

"நாளைக்குன்னா ராத்திரி பூரா அதையே நினைச்சிட்டிருப்பேன் கோச்."

ஏறினாள். ஓடினாள். நிற்கவில்லை. இம்முறை தலை முதலில் போனது. கால்கள் மட்டும் கத்தரிக்கோல் மாதிரி பிரிந்தன. நிறையத் தண்ணீர் தெறித்தது.

நடீன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு அங்கே வந்தார். "எனக்கு வீடியோ அனுப்பின பொண்ணு நீதானே? அதுல இந்த ரிவர்ஸ் இல்லையே?"

"மோசமானதெல்லாம் வெட்டிட்டேன்."

"வெட்டினதை அனுப்பு. எங்கிட்ட வந்தா அதைத்தான் சரிபண்ணணும்." அவள் முகத்தைப் பார்த்துவிட்டு மேலும் சொன்னார்: "அடுத்த ஆகஸ்ட்ல அணியில ஒரு இடம் இருக்கு. கடைசி இடம். உதவித்தொகை எதுவும் எதிர்பார்க்காதே. முதல் வருஷம் நிறையப் போட்டியில பெஞ்சுல உக்காந்து பாக்கறதுதான்."

"பயிற்சியில குதிக்க விடுவீங்கள்ல?"

"தினமும். போதும்னு நீயே அழற வரைக்கும்."

"அவ வருவா!" வாசலிலிருந்து லோர்னா கத்தினாள்.

"மா, நான் சொல்றேன்" என்றாள் பிரிட்டா. முதுகைத் துண்டால் மெதுவாக ஒற்றிக்கொண்டு, பிறகு சொன்னாள். "வரேன்."