அபூ ஸுஹைல் குடித்த காப்பி

பாலஸ்தீனத்தில், நாப்லஸ் நகரத்து மலைப்பக்கம் இருக்கும் தேர் லவ்ஸ் என்ற கிராமத்தின் மாபெரும் தலைவர் ஜவ்தத் என்கிற அபூ ஸுஹைல், பேச்சுக்கலையை இரண்டாண்டுச் சிறைவாசத்தில் கற்றுக்கொண்டார். அங்கே கேட்பவர்கள் எழுந்து போக முடியாது. வெளியே அந்த வசதி இல்லாததால் மூன்று தேர்தல்களில் தோற்றார். நான்காவதில் பன்னிரண்டு ஓட்டு வித்தியாசத்தில் கிராம சபைத் தலைவரானார். மேல்தெருவுக்குக் குழாயில் தண்ணீர் கொண்டுவருவேன் என்று கொடுத்த வாக்குதான் காரணம். பதினான்கு ஆண்டுகளாக டேங்கர் லாரி வரும் நாளில் மட்டும் குளிக்கிற மேல்தெரு, மொத்தமாக அவருக்கே போட்டது.

குழாய்களும் வந்து இறங்கிவிட்டன. ஆனால் அவை ஃபவ்வாஸின் ஒலிவத் தோப்பைக் கடந்தாக வேண்டும். அந்தப் பன்னிரண்டு ஓட்டில் தோற்றவர்தான் ஃபவ்வாஸ். சனிக்கிழமைக்குள் அவர் சம்மதிக்காவிட்டால் குழாய்கள் வேறு ஊருக்குப் போய்விடும் என்று பொறியாளர் சொல்லிவிட்டார்.

வியாழக்கிழமை மாலை, பெரியவர்கள் ஆறு பேருடன் தலைவர் ஃபவ்வாஸ் வீட்டுக்குப் போனார். காப்பி வந்தது. கேட்டதைத் தருகிறேன் என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை, கேட்டு வந்தவர்கள் யாரும் அதைத் தொடுவதில்லை என்பது ஊர் வழக்கம். விருந்தாளியின் கோப்பை ஆறிக்கொண்டிருப்பதுதான் வீட்டுக்காரருக்கு நெருக்கடி.

தலைவர் ஆரம்பித்தார். துருக்கியர் காலத்துக் கிணறுகளில் தொடங்கி பிரிட்டிஷ்காரர்களுக்கு வந்தபோது தொண்டை வறண்டது. ஏலக்காய் மணம் மூக்கைத் துளைத்தது. கை தானாக நீண்டது. ஒரே மடக்கு.

"அடப்பாவி, குடிச்சுத் தொலைச்சிட்டியே" என்று கூட வந்த பெரியவர்களில் ஒருவரான மருந்துக்கடை ரஷாத் முணுமுணுத்தார்.

"நல்லா இருந்துச்சா அபூ ஸுஹைல்?" என்றார் ஃபவ்வாஸ். "குடிச்சிட்டேன்னா என்கிட்ட கேக்க ஒண்ணுமில்லேன்னு அர்த்தம். பிரிட்டிஷ்காரனைக் கப்பல் ஏத்தறதுக்கு முன்னாடியே முடிச்சிட்டே. சந்தோஷம்."

தலைவர் காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கால் மணி நேரம் தாகம் தாங்கல எனக்கு" என்றார் கடைசியில். "மேல்தெரு பதினாலு வருஷமா தாங்குது."

அவ்வளவுதான். எழுதிக்கொண்டு வந்த உரையின் மிச்சப் பக்கங்கள் சட்டைப்பையிலேயே இருந்தன.

ஃபவ்வாஸ் காப்பிக் கெண்டியை எடுத்தார். பிறகு அதே கோப்பையில் மறுபடி ஊற்றினார்.

"என் தங்கச்சியும் மேல்தெருவுலதான் இருக்கா. எனக்கு ஓட்டுக்கூடப் போடல. எங்கப்பா வெச்ச ரெண்டு மரம் நடுவுல நிக்குது. குழாய் அதைச் சுத்தி வளைஞ்சு போகணும். வேர்ல ஒரு கீறல் விழுந்துச்சு, அடுத்த தேர்தல்ல உன்னைத் தோக்கடிக்க வீடு வீடா ஏறுவேன்."

"வளைச்சிடலாம்."

"அப்ப குடி."

தலைவர் கோப்பையைத் தொடவில்லை. "இன்னொரு தடவை தெளிவாச் சொல்லிடு ஃபவ்வாஸ். என் கைமேல எனக்கே நம்பிக்கை போயிடுச்சு."

"கொடுத்தேன்யா. குடிச்சுத் தொலை."

ஆறு பெரியவர்களும் ஆறிப்போன காப்பியை ஒன்றாக எடுத்தார்கள்.

ஐந்து வாரம் கழித்து மேல்தெருவில் திறப்பு விழா. தலைவர் பதினொரு பக்க உரையின் முதல் தாளைப் பிரிப்பதற்குள் ஃபவ்வாஸின் தங்கை குழாயைத் திறந்துவிட்டாள். அது இருமி, செம்மண் நிறத்தில் துப்பி, பிறகு தெளிந்து கொட்டியது. பெண்கள் குலவையிட்டார்கள். உரை யார் காதிலும் விழவில்லை. அடுத்த தேர்தலுக்கு ஆகும் என்று தலைவர் தாள்களை மடித்து வைத்துக்கொண்டார், நனைந்த ஓரங்களை மட்டும் ஊதி உலர்த்திவிட்டு.