பந்து யார் கையில் என்று கேட்டவர்

இராஜமாணிக்கம் சேர் காலமான செய்தி, காலையில் பாடசாலை வாசலில் நிற்கும்போது எனக்கு வந்தது. அவருடைய மகள்தான் தொலைபேசியில் பேசினாள். "சேர், அப்பா போயிட்டாங்க" என்றாள். மத்தியானத்துக்குள் ஆளாளுக்கு வந்து, "நீங்கதான் அவரப் பத்தி எழுதணும்" என்றார்கள். எழுதுகிறேன். ஆனால் அவருக்கும் எனக்கும் நடுவே என்ன நடந்தது என்பதை மூடி மறைத்து எழுத எனக்கு வராது.

மலையகத்தில் நோர்வூட் பக்கம் ஒரே பாடசாலையில் இருவரும் வேலை பார்த்தோம். அவர் கணித ஆசிரியர், நான் விளையாட்டு ஆசிரியர். நான் வந்து சேர்ந்த வருடம் ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு கிரிக்கெட் ஆட்டம் வைத்தோம். நடுவராக நின்றவர் இவர். எங்கள் பாடசாலை அதிபர் புதுச் சப்பாத்தெல்லாம் போட்டுக்கொண்டு துடுப்பாட வந்து, முதல் பந்தையே காலில் வாங்கினார். இவர் அவுட் என்று விரலைத் தூக்கிவிட்டார்.

"என்னங்க ராஜமாணிக்கம், பந்து பேட்ல பட்டிச்சே" என்றார் அதிபர்.

"பட்டிச்சுங்க சேர். கால்ல பட்ட பொறகு பட்டிச்சு."

அதிபர் ஒரு பள்ளித் தவணை முழுக்க இவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை. இவரோ அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. அன்றைக்கு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். என் முறை வரும் என்று யாருக்குத் தெரியும்.

பிறகு அவர் நடுவர் பரீட்சை எழுதித் தேறினார். எனக்கு மாவட்ட இளைஞர் அணியின் முகாமையாளர் பொறுப்பு வந்தது. தேசிய மட்டத்தில் வளரும் வீரர்களுக்கென்று நடக்கும் சுற்றுப்போட்டியில் நாங்கள் இரண்டாம் பிரிவு. முதலாம் பிரிவு ஆட்டங்களைப் பார்க்கத் தேசிய அணிக்கு ஆள் எடுக்கும் தெரிவாளர்கள் வருவார்கள். எங்கள் ஆட்டத்தைப் பார்க்க மாடும் மழையும்தான் வரும். இரண்டாம் பிரிவில் முதலாவதாக வந்தால் மறுவருடம் மேலே போகலாம். தோட்டத்து லயக் குடியிருப்பில் வளரும் பிள்ளை ஒருவனை ஒரு தெரிவாளர் கண்ணால் பார்க்க வேறு வழியே இல்லை.

அந்த வருடம் எங்களிடம் கோகுலன் இருந்தான். தேயிலைக் கொழுந்து பறிக்கும் ஒரு தாயின் மகன். அவன் துடுப்பெடுத்து நின்றால் எதிரணிக்காரர்களே பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். கடைசி ஆட்டத்தில் வென்றால் மேலே போகிறோம் என்ற நிலை. ஆட்டம் எங்கள் மைதானத்தில். காலையில் பாதையில் மண்சரிவு, வரவேண்டிய நடுவர் வரவில்லை. இரண்டு அணியும் சம்மதித்த பிறகு இராஜமாணிக்கம் சேரைக் கூப்பிட்டு நிறுத்தியவன் நான்தான். சொந்தச் செலவில் சூனியம் என்பார்களே, அதுதான்.

களத்தடுப்பில் கோகுலனுக்கு விரல் பிளந்துவிட்டது. அவனை என் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்து, பதிலுக்கு மாற்று வீரன் நிரோஷனை அனுப்பினேன். எதிரணிக்கு இன்னும் ஆறு ஓட்டம் வேண்டும், கையில் ஒரு விக்கெட்தான். அந்த நேரம் பார்த்துப் பனிமூட்டம் வந்து வந்து போனது. அடுத்த பந்தை அவர்கள் ஆள் மேட்டுப்பக்கமாகத் தூக்கி அடித்தான். பந்து மேலே போனது, பனி கீழே இறங்கியது. பனிக்குள்ளிருந்து "பிடிச்சாச்சு" என்று சத்தம் வந்தது. மேட்டில் நின்ற சனம் ஆரவாரம் போட்டது.

அடித்தவன், "யார் பிடித்தது?" என்று சிங்களத்தில் கேட்டான். நியாயமான கேள்வி. இராஜமாணிக்கம் சேர் மேட்டுப்பக்கம் நடந்தார். பத்தடி போவதற்குள் ஆளைக் காணவில்லை. குரல் மட்டும் வந்தது.

"பேர் கூப்பிடுறேன். இருக்கிறவங்க குரல் குடுங்க."

எங்கள் தோட்டங்களில் காலையில் பேர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்புவதைப் பெரட்டு என்போம். அவர் பெரட்டுக்களத்துக்குப் பக்கத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். மைதானத்தில் பெரட்டு வைத்துவிட்டார். ஒவ்வொரு பேருக்கும் ஒரு குரல் வந்தது. கோகுலனுக்குப் பதிலாக நிரோஷன் பேரைக் கூப்பிட்டார், அதற்கும் வந்தது. பதினொரு பேரும் சரி.

"பந்து யாரு கையில?"

பதிலில்லை. மேட்டிலும் சத்தம் அடங்கிவிட்டது. நான் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். காலி. உட்கார்ந்திருக்கப் பொறுக்காமல் அவன் பனியோடு பனியாக உள்ளே ஓடியிருக்கிறான்.

"பந்து யாரு கையில?" அதே நிதானத்தில் மறுபடியும் கேட்டார்.

"எங்கிட்டங்க சேர். கோகுலன்."

நடுவரிடம் சொல்லாமல் உள்ளே வந்தவன் தொட்ட பந்து செல்லாது. எதிரணிக்கு ஐந்து ஓட்டம் கொடுக்க வேண்டும். கொடுத்தார். நான் எல்லைக்கோட்டில் நின்று கத்தியதை இங்கே எழுத முடியாது. பனி விலகியதும் அவர்கள் அடுத்த பந்தைத் தட்டிவிட்டு ஒரு ஓட்டம் ஓடினார்கள். அவ்வளவுதான், முடிந்தது.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அவர் வழக்கம் போலத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே கேட்டார்.

"கோவமா இருக்கீங்களா தேவா?"

"ஆமாங்க."

"இருங்க. நானா இருந்தாலும் இருப்பேன்."

அதற்குப் பிறகு அவருடன் நான் அளந்துதான் பேசினேன். கோகுலன் இன்னும் ஒரு வருடம் இரண்டாம் பிரிவிலேயே ஆடினான். பார்க்க யாரும் வரவில்லை. கொழும்பில் ஒரு இரும்புக்கடைக்கு வேலைக்குப் போய்விட்டான். அவன் அம்மா ஒருநாள் பஸ் நிலையத்தில் எல்லோரும் பார்க்க இவரிடம், "எம் மகன் பொழப்புல மண்ணப் போட்டுட்டீங்களே சேர்" என்று கேட்டுவிட்டார். இவர் தலையைக் குனிந்து நின்றார். வந்த பஸ்ஸிலும் ஏறவில்லை. சட்டத்தைக் காட்டியாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்றுதான் நான் நினைத்தேன்.

நோயில் விழுந்த பிறகு இரண்டொரு தடவை போய்ப் பார்த்தேன். மழையைப் பற்றிப் பேசினோம், பரீட்சை முடிவுகளைப் பற்றிப் பேசினோம். அந்த ஆட்டத்தைப் பற்றி அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

அடக்கத்துக்குக் கோகுலன் கொழும்பிலிருந்து வந்திருந்தான். பெட்டியைத் தூக்க முதலில் தோள் கொடுத்தவனும் அவன்தான். எனக்கு அது ஆச்சரியமாக இருந்தது. தேயிலை மலைக்கு நடுவே குழி வெட்டி முடிக்கும் வரை காத்து நின்றபோது, அவனே என்னிடம் வந்தான்.

"அன்னிக்குப் பனிக்குள்ள நிரோஷன் கைய நீட்டுனான் சேர். 'பந்த எங்கிட்ட குடுத்துட்டு நீ ஓடிரு'ன்னான். ராஜமாணிக்கம் சேர் எங்களுக்குப் பக்கத்துலயே நின்னிருக்காங்க. எங்களுக்குத் தெரியல."

"அவருக்குக் கேட்டிச்சா?"

"கேட்டிருக்கு. போன தீபாவளிக்குப் பார்க்கப் போனப்ப அவங்களே சொன்னாங்க."

"என்ன சொன்னாரு?"

கோகுலன் குழியைப் பார்த்தபடியே சொன்னான்.

"'நீ பந்தக் குடுத்திருந்தா நான் கேக்காத மாதிரி அவுட் குடுத்திருப்பேன்டா. நம்ம பிள்ளைங்க மேல போகணும்னு எனக்கு மட்டும் ஆசையில்லையா? ரெண்டாவது தடவ கேட்டேன்ல, அப்ப நீ வாயத் தெறக்கக் கூடாதுன்னு சாமிய வேண்டிக்கிட்டேதான் கேட்டேன்' அப்படின்னாங்க. சொல்லிட்டு அழுதாங்க சேர்."

நான் கல் என்று நினைத்த மனிதர் அந்த இரண்டாவது கேள்வியை எப்படிக் கேட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். பெட்டியை இறக்கினார்கள். கோகுலன் மண்ணை அள்ளிப் போட்டான். அவனுக்குப் பின்னால் நானும் போட்டேன்.

போய் வாருங்கள் இராஜமாணிக்கம் சேர். கோபம் இருந்தவரைக்கும் உங்களோடு பேசாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் இருந்தது. இப்போது பேச வேண்டும் போலிருக்கிறது, நீங்கள் இல்லை.